பேரக்குழந்தைக்குப் பின்னும்போது லேஸை எங்கே வைப்பது?

நீங்கள் மதுரையில் இருக்கிறீர்கள். மகளுக்கு ஜனவரி நடுவில் டொரொண்டோவில் தலைப்பிரசவம், டிசம்பர் தொடக்கத்தில் நீங்கள் கிளம்ப வேண்டும். அதற்குள் ஒரு ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ், 'நாகர்கோவில் லேஸ் மாதிரி' ஒரு சால்வை, எல்லாம் உங்கள் கையாலேயே பின்னிக் கொண்டுபோக ஆசை. பள்ளியில் கற்ற நிட்டும் பர்லும், ஊசிப் பின்னலின் அந்த இரண்டு அடிப்படைப் பின்னல்களும், கை மறக்கவில்லை. எந்த நூல், எந்த ஊசி என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் போகிறபோக்கில், "லேஸ் ஓட்டையில் குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளாதா?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது. நூல், ஊசி, அளவு எல்லாவற்றையும் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கி முடிவு செய்யலாம் என்பதால் அதை மையமாக வைத்தே பதில் எழுதுகிறேன்.

நான் குன்னூரில் வளர்ந்தவள். அம்மாவிடம் கற்று முப்பது வருடத்துக்கு மேலாகப் பின்னுகிறேன். அதில் பாதிக்குமேல் குழந்தைத் துணிகள்தான். கொக்கி ஊசியில் பின்னும் குரோஷா எனக்கு அவ்வளவாகக் கைவராது, அதனால் அதைப் பற்றிப் பேசப்போவதில்லை. நான் மருத்துவரும் இல்லை. கீழே உடல்நலம் தொடர்பாகச் சொல்பவை குழந்தை மருத்துவர்கள் பரவலாகச் சொல்பவை. உங்கள் மகளின் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

முதலில் அந்த நாகர்கோவில் லேஸ். அது பின்னல் ஊசியில் வருவது இல்லை. தலையணை போன்ற திண்டில் குண்டூசிகளைக் குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய பல இழைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாற்றி முறுக்கிச் செய்வது. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலிசாதான் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போய் அங்கேயும் அந்தக் கைத்தொழிலைப் பரப்பியவர். அம்மாவிடமிருந்து மகளுக்குப் போன வேலை என்பதால் உங்களுக்கு அது நினைவுக்கு வந்தது பொருத்தம்தான். ஆனால் ஊசியில் பின்னும் லேஸ் வேறு வகை. ஒரே நூல், கண்ணிக்குள் கண்ணி. ஊசியின் மேல் நூலை வெறுமனே ஒரு சுற்றுச் சுற்றினால் அங்கே ஓட்டை விழும், கண்ணி ஒன்று கூடும். கூடியதைச் சரிக்கட்ட பக்கத்தில் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்ன வேண்டும். இவ்வளவுதான் சூத்திரம். ஷெட்லாந்து, எஸ்தோனியாவின் ஹாப்சாலு, ரஷ்யாவின் ஒரென்புர்க் என்று பேர்பெற்ற லேஸ் சால்வைகள் எல்லாமே இந்தக் கூட்டல் கழித்தலில்தான் நிற்கின்றன. நிட், பர்ல் தெரிந்த உங்களுக்குப் புதிதாகக் கற்க இரண்டே அசைவுகள்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஷெட்லாந்துத் தீவுகளைச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அங்கே உன்ஸ்ட் என்ற தீவில் சிலந்தி வலைபோல நூற்று, கல்யாண மோதிரத்துக்குள் நுழைத்து இழுத்துவிடக்கூடிய சால்வைகளைப் பின்னினார்கள். அவை விலைக்கும் பெருமைக்கும். வீட்டில் அன்றாடம் போர்த்தவும், குழந்தையைச் சுற்றி எடுக்கவும் அதே பெண்கள் பின்னியது ஹாப் என்னும் இன்னொரு சால்வை. அதன் நடுச் சதுரம் ஓட்டையே இல்லாத கெட்டிப் பின்னல், லேஸ் நான்கு ஓரங்களில் மட்டும். உடம்பைத் தொடும் இடம் கதகதப்பு, தொங்கும் இடம் அழகு. உங்கள் கடைசி வரிக் கேள்விக்கு அந்தப் பெண்கள் எப்போதோ பதில் கண்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். நானும் அதையே சொல்வேன்: லேஸ் தாராளமாகப் பின்னுங்கள், ஆனால் குழந்தையின் கைவிரலும் கால்விரலும் எட்டும் இடத்தில் வேண்டாம். ஸ்வெட்டரில் கீழ் ஓரம், மார்புக்கு மேலே தோளைச் சுற்றி வரும் பகுதி, குல்லாவின் நெற்றி ஓரம், சால்வையின் கரை, இவை போதும். கைப்பகுதி, மணிக்கட்டு, சாக்ஸ், கையுறை ஆகியவற்றில் ஓர் ஓட்டைகூட வேண்டாம்.

விரல் மாட்டுவது கற்பனைப் பயம் இல்லை. ஓட்டையைவிட நான் அதிகம் பயப்படுவது தளர்ந்து தொங்கும் ஓர் இழைக்கு. முடியோ நூலோ கைக்குழந்தையின் கால்விரலில் சுற்றி இறுகி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும் சம்பவங்கள் மருத்துவ உலகில் நன்றாகவே அறியப்பட்டவை. வீக்கம் வரவர இழை சதைக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாமல் போகும். குழந்தை ஏன் அழுகிறது என்றே யாருக்கும் புரியாது. என் அக்கா பையனுக்கு நான் பின்னிய முதல் சாக்ஸில் இரண்டு நிறம் வைத்து உள்பக்கம் இழைகளை நீளமாக ஓடவிட்டிருந்தேன். ஒருநாள் கழற்றும்போது ஓர் இழை அவன் சுண்டு விரலைச் சுற்றியிருந்தது. சீக்கிரமே பார்த்துவிட்டதால் சிவந்ததோடு போயிற்று. அன்றிலிருந்து சாக்ஸ் என்றால் ஒரே நிறம்தான், பின்னி முடித்ததும் உள்ளே வெளியே திருப்பி என் விரலை விட்டுச் சுழற்றிப் பார்ப்பேன். நூல் நுனியை நறுக்கி விடாமல் 5 செ.மீ.யாவது போக வர இரண்டு திசையிலும் உள்ளே கோர்த்து மறையுங்கள். மகளிடமும் சொல்லிவையுங்கள், அணிவிக்கும் முன் ஒவ்வொரு முறையும் உள்பக்கம் பார்க்கச் சொல்லி.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. ஒரு வயது வரை தூங்கும் குழந்தையின் தொட்டிலில் தளர்வான போர்வை, சால்வை எதுவும் கூடாது, வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாவும் வேண்டாம் என்பது கனடாவிலும் அமெரிக்காவிலும் உறுதியாகச் சொல்லப்படும் அறிவுரை. மூச்சுத் திணறலும் உடம்பு அதிகம் சூடாவதும்தான் காரணம். குளிர் நாட்டில் போர்த்தாமல் எப்படி என்று நமக்குத் தோன்றும். அங்கே வீடுகளுக்குள் சூடேற்றி வைத்திருப்பார்கள். எனவே நீங்கள் பின்னும் சால்வை, கையில் தூக்கி வைத்திருக்கும்போதும், பெயர் சூட்டும் நாளில் படம் எடுக்கும்போதும், தள்ளுவண்டியில் பெரியவர் ஒருவர் கண் பார்வையிலேயே இருக்கும்போதும் பயன்படப்போவது. மகளும் மாப்பிள்ளையும் அதைத் தொட்டிலில் விரிக்க மறுத்தால் மனம் வருந்தாதீர்கள். காரில் போகும்போதும் இருக்கைப் பட்டைக்குள் தடித்த உடை கூடாது. மெல்லிய ஸ்வெட்டர் பரவாயில்லை. அதனால் ஸ்வெட்டரைக் கனமாகப் பின்னாமல் 4 பிளை என்னும் மெல்லிய நூலிலேயே பின்னுங்கள்.

இனி அளவு. எல்லோரும் தடுக்கிவிழும் இடம் இதுதான். நிறையப் பேர், "குழந்தை சீக்கிரம் வளர்ந்துவிடும், ஆறு மாத அளவு பின்னுவோம்" என்பார்கள். உங்கள் விஷயத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனவரிக் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்போது ஜூலை. டொரொண்டோவிலும் அப்போது வெயில்தான். ஸ்வெட்டர் பெட்டியிலேயே கிடக்கும். மூன்று மாத அளவு ஒன்று பின்னினால் கைகளை மடித்து விட்டுப் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை போடலாம். நேரம் இருந்தால் அடுத்த குளிருக்காக ஒரு வயது அளவு ஒன்று. மார்புச் சுற்றளவு மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய 40 செ.மீ., ஒரு வயதுக்கு 45 செ.மீ. என்று வைத்துக்கொண்டு, அதோடு 5 செ.மீ. தளர்வு சேருங்கள். தலைவழியாகப் போடுவது வேண்டாம், முன்பக்கம் திறக்கும் கார்டிகன்தான் நல்லது. பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு 35 செ.மீ. வாக்கில் இருக்கும், அது மார்பைவிடப் பெரியது, கழுத்தும் நிற்காது. குல்லாவுக்கு மட்டும் தளர்வு கூட்டாமல் தலை அளவைவிட 2, 3 செ.மீ. குறைத்துப் பின்னுங்கள், இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கழுத்தில் கட்டும் நாடா, குஞ்சம், கயிறு எதுவும் வைக்காதீர்கள். பொத்தான் வைத்தால் தையல் நூலால் பலமாகத் தைத்து, கையால் வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். ஒரு பொத்தான் பிய்ந்தால் அது நேரே வாய்க்குத்தான் போகும்.

நூலைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை சில, ஆளுக்கு ஆள் மாறுபடுபவை சில. உறுதியானது: நம் ஊர்க் கடையில் 'உல்லன்', 'பேபி உல்லன்' என்று விற்பதில் பெரும்பகுதி கம்பளி இல்லை, அக்ரிலிக். மோசம் என்று சொல்லவில்லை. மெஷினில் துவைக்கலாம், விலை குறைவு, சுருங்காது. ஆனால் சூடு பட்டால் உருகும், இஸ்திரி வைத்தால் தொய்ந்து போகும், வியர்வையையும் உறிஞ்சாது. எது எது என்று தெரிய ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து எவர்சில்வர் தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்து பொடியாக உதிர்ந்தால் கம்பளி. காகிதம் எரியும் வாடை என்றால் பருத்தி. உருகிக் கறுப்பு மணிபோல் இறுகினால் அக்ரிலிக். கலப்பு நூலாக இருந்தால் இந்தச் சோதனை குழப்பும், அப்போது உறையில் போட்டிருக்கும் விகிதத்தைத்தான் நம்ப வேண்டும்.

கம்பளி குழந்தைக்குக் குத்தும் என்பது பாதி உண்மை. இழை தடிமனாக இருந்தால் குத்தும்; 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழைகளின் நுனிதான் தோலை உறுத்துவது. மெரினோ என்னும் ஆட்டு இனத்தின் கம்பளி அதைவிட மிக மெல்லியது, பெரும்பாலான குழந்தைகளுக்கு உறுத்தாது. பெரும்பாலான என்றுதான் சொல்ல முடியும். தோல் வறண்டு தடிக்கும் குடும்பமாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். சாதாரணக் கம்பளியை வெந்நீரிலோ மெஷினிலோ போட்டால் இழையின் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சுருங்கி அட்டையாகிவிடும். அந்தச் செதில்களை முன்பே பதப்படுத்திய கம்பளியை சூப்பர்வாஷ் என்பார்கள். ராத்திரி தூக்கமில்லாத ஒரு புதுத் தாய், கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக் கையால் கசக்கிக்கொண்டிருக்க மாட்டாள். அதனால் உடம்பில் போடும் துணிக்கு என் தேர்வு சூப்பர்வாஷ் மெரினோ, கிடைக்காவிட்டால் நல்ல மென்மையான அக்ரிலிக். சால்வைக்கும் மெரினோதான், ஏனென்றால் லேஸ் நனைத்து விரித்துக் காயவைத்தால்தான் மலரும், கம்பளி அந்த வடிவத்தைப் பிடித்துக்கொள்ளும், அக்ரிலிக் பிடிக்காது. பருத்தி மதுரையில் இருக்கும் குழந்தைக்கு அருமை. டொரொண்டோ ஜனவரிக்கு அது போதாது, ஈரம் பட்டால் கனத்துத் தொங்கும். மோகேர், அங்கோரா போன்ற புசுபுசு நூல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், இழை உதிர்ந்து மூக்கிலும் வாயிலும் போகும். மூங்கில் நூலைக் கிருமி அண்டாத இயற்கை நூல் என்று சொல்லி விற்கிறார்கள். மென்மையாக இருப்பது நிஜம். ஆனால் மூங்கிலை ரசாயனத்தில் கரைத்து எடுக்கும் ரேயான்தான் அது. கிருமி பற்றிய பேச்சை நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

ஊசி எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊரில் பழைய பிரிட்டிஷ் எண்கள் புழக்கத்தில் இருக்கின்றன, எண் கூடக்கூட ஊசி மெல்லிசாகும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ. அமெரிக்க எண் தலைகீழ், அங்கே 8 என்பது 5 மி.மீ. யூடியூபில் ஓர் அமெரிக்க அம்மாள் 8-ஆம் நம்பர் என்று சொல்வதைக் கேட்டு நம் கடையில் 8 வாங்கினால் அளவு தப்பும். மில்லிமீட்டர் மட்டும் பாருங்கள். 4 பிளை நூலுக்கு 3.25 மி.மீ. ஊசியில் 10 செ.மீ.க்கு 28 கண்ணி என்பது வழக்கமான கணக்கு. மூன்று மாத அளவுக்கு, மார்பு 40, தளர்வு 5 என 45 செ.மீ. சுற்றளவுள்ள ஸ்வெட்டருக்கு 126 கண்ணி. உங்கள் கை கொஞ்சம் தளர்ந்து 26 கண்ணி விழுந்தால் அதே 126 கண்ணி 48 செ.மீ.யைத் தாண்டிவிடும். அதனால்தான் ஒரு சாண் அகலத்துக்கு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, காய்ந்தபின் அளந்து பார்க்கச் சொல்கிறோம். துவைக்காமல் அளப்பதில் பயன் இல்லை. சூப்பர்வாஷ் நூல் தண்ணீர் பட்டால் கொஞ்சம் நீளும். ஸ்வெட்டருக்கு 150 கிராம், சால்வைக்கு 250 முதல் 300 கிராம், எல்லாம் ஒரே சாய எண்ணில் (சேர்ந்து சாயம் போட்ட நூலுக்கு உறையில் இருக்கும் எண்) ஒரே தடவையாக வாங்கிவிடுங்கள்.

சால்வைக்கு ஷெட்லாந்து ஹாப்பையே எளிமையாக்கித் தருகிறேன். 4 பிளை நூல், 4 மி.மீ. வட்ட ஊசி, 156 கண்ணி. தளர்வாக ஏற்றுங்கள். முதலில் 6 வரிசை எல்லாமே நிட். பிறகு இரண்டு பக்கமும் 6 கண்ணி எப்போதும் நிட். நடுவில் உள்ள 144 கண்ணி, 18 கண்ணி கொண்ட எட்டு அலைகள். முதல் வரிசை நிட், இரண்டாவது பர்ல். மூன்றாவது வரிசையில் ஒவ்வொரு 18 கண்ணிக்கும்: இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று முறை, அப்புறம் நூலைச் சுற்றி ஒரு நிட் என்று ஆறு முறை, மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று முறை. எண்ணிப் பாருங்கள், 3, 12, 3, மறுபடியும் 18 வந்துவிடும். நான்காவது வரிசை நிட். இந்த நான்கையும் ஆறு தடவை செய்தால் அலை அலையாகக் கரை தானே வளையும். அதன்பின் ஓட்டை கிடையாது, எல்லா வரிசையும் நிட், சால்வை கிட்டத்தட்ட சதுரமாகும் வரை. கடைசியில் மறுபடியும் அதே அலைக் கரை, 6 வரிசை நிட், தளர்வாகக் கண்ணி அடைப்பு. அகலம் 75 செ.மீ. அளவில் வரும். கெட்டிப் பின்னல் என்பதால் மொத்தம் 50,000 கண்ணி ஆகலாம், நிமிடத்துக்கு 20 கண்ணி என்று வைத்தால் 40 மணி நேரத்துக்கு மேல். தினம் ஒரு மணி நேரம் என்றால் ஆறு வாரம். அதனால் குல்லா முதலில், ஸ்வெட்டர் அடுத்து, சால்வை கடைசியில். சாக்ஸ், நேரம் மிஞ்சினால்.

லேஸில் ஒரு கண்ணி நழுவினால் சாதாரணப் பின்னல்போல ஏற்றிவிட முடியாது, கூட்டிய சுற்றும் சேர்த்த கண்ணியும் ஒன்றாகக் கலைந்துபோகும். நான்காவது வரிசை முடிந்ததும் வேறு நிறத் தையல் நூலைத் தடித்த ஊசியில் கோர்த்து எல்லாக் கண்ணிகள் வழியாகவும் ஓட்டிவிடுங்கள். தப்பு நேர்ந்தால் ஊசியை உருவிவிட்டு அந்த நூல் வரை பிரித்துக்கொள்ளலாம், அதற்குக் கீழே போகாது. நான் இன்னமும் இதைச் செய்கிறேன். முடித்தபின் வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி அமுக்கி, மெத்தையின் மேல் ஒரு வேட்டியை விரித்து, அலை நுனிகளை இழுத்துக் குண்டூசி குத்திக் காயவையுங்கள். எத்தனை குண்டூசி குத்தினீர்கள் என்று எண்ணிவைத்து, எடுக்கும்போதும் அதே எண்ணிக்கை வருகிறதா என்று பாருங்கள். குழந்தைத் துணியில் ஒன்றுகூடத் தங்கக் கூடாது.

பிறக்கும் முன் புதுத்துணி எடுக்கக் கூடாது என்று உங்கள் சம்பந்தி சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அந்த நம்பிக்கையைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய வேட்டித் துணி போடும் நம் வழக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது: பலமுறை துவைத்த துணி மென்மையாக இருக்கும், கஞ்சியும் சாயமும் போயிருக்கும். நீங்களும் பின்னியதை இரண்டு மூன்று முறை வாசனை இல்லாத சோப்பில் அலசிக் காயவைத்து, பிரசவம் நல்லபடி முடியும்வரை உங்கள் பெட்டியிலேயே வைத்திருங்கள். உங்கள் ஆசையும் சம்பந்தி சொன்னதும் இரண்டும் நிறைவேறிவிடும்.

பெட்டி என்றதும் கடைசியாக ஒன்று. உங்கள் அம்மா உங்கள் மகளுக்குப் பின்னிய பழைய ஸ்வெட்டரையும் எடுத்துப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது பாச்சை உருண்டை போட்ட டிரங்குப் பெட்டியில் இருந்ததென்றால் அப்படியே குழந்தைக்குப் போடாதீர்கள். அந்த உருண்டையில் நாப்தலின் இருந்தால், ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரக்கூடும். குழந்தைக்கு அந்தக் குறை உண்டா என்பது பரிசோதிக்காமல் நமக்குத் தெரியாது. நாப்தலினால் வரும் இந்த ஆபத்து மருத்துவத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். துவைத்து வெயிலில் பல நாள் உலர்த்தினால் வாடை குறையும், ஆனால் முழுதும் போய்விட்டது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆசைக்கு அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டச் சொல்லுங்கள், அல்லது அதே மாதிரியைப் புது நூலில் பின்னுங்கள். பழைய ஸ்வெட்டரின் முன்பக்கமும் உள்பக்கமும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்துப் போட்டால் கண்ணிகளை எண்ணிச் சொல்கிறேன். உங்கள் மாதிரித் துண்டு துவைத்துக் காய்ந்ததும் 10 செ.மீ.க்கு எத்தனை கண்ணி வந்தது என்பதையும் கூடவே எழுதுங்கள், கைக்கும் தோளுக்கும் எங்கெங்கே கண்ணி குறைப்பது என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.